ஆலோசனை அறையில் எத்தனை நாற்காலி?

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். எடுக்கவில்லை என்று வருத்தப்படும் தகுதியும் எனக்கு இல்லை. அதனால்தான் கடிதம். கூடவே ஒரு வரைபடமும் இருக்கிறது, அதைப் போனில் காட்ட முடியாது என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன்.

நலமாக இருக்கிறீர்களா? தோள்வலி எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. பொதுமக்களுக்கான மையம். எதைச் சாப்பிடுவது, எப்படிச் சமைப்பது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று அக்கம்பக்கத்தவர் வந்து கற்றுக்கொள்ளும் இடம். உடம்பைச் சோதித்துக்கொள்ளவும் செய்யலாம். வரைகிற பொறுப்பு எனக்கு. புதுக் கட்டடம் இல்லை. முப்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு ஐஸ் தொழிற்சாலையைத்தான் மாற்றப் போகிறோம். இடித்துவிட்டுக் கட்டினால் வேலை சுலபம். ஆனால் அதன் சுவர் ஒவ்வொன்றும் இரண்டு அடி கனம். நல்ல வெயிலில் உள்ளே நுழைந்தாலும் குளுகுளுவென்று இருக்கிறது. மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாக வேண்டும் என்பது நிபந்தனை. அப்படிப்பட்ட சுவரை இடிக்க யாருக்கு மனசு வரும்?

கட்டடக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர். அவருக்கு ஒரு மேடை வேண்டும். மேடையில் அடுப்பு, எதிரே படிப்படியாக அறுபது பேர் உட்கார இடம். நிபுணர் சமைத்துக் காட்டுவார், மக்கள் பார்ப்பார்கள். அப்படியே வரைந்தேன். வரைந்து முடித்த பிறகுதான் உறைத்தது, எனக்குச் சமையலறையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. முட்டை வேகவைப்பேன், அதுவும் சில நாள் வெடித்துவிடும். இருநூறு பேருக்குச் சமைக்கிற இடத்தில் தினமும் நிற்கிற ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

உங்கள் பஸ் பணிமனைக் கேன்டீன் சமையலறையில் உங்களுக்கு மிகவும் எரிச்சல் தருவது எது? அதை மட்டும் எழுதினால் போதும்.

உங்கள்
நாத்தனார்


மார்ச் 19

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதுவதாக இல்லை. நீங்கள் கேன்டீன் முகவரிக்கு அனுப்பியதால் எல்லாம் கெட்டது. உறையிலிருந்து அந்தப் பெரிய தாளை எடுத்ததுதான் தாமதம், டயர் பிரிவில் வேலை செய்கிறவர் பிடுங்கிச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவிட்டார். "என்னக்கா, வீடு கட்டறீங்களா? மூச்சு விடலையே!" என்று ஒரே சத்தம். இல்லை என்று நான் விளக்குவதற்குள் ஒன்பது பேர் குனிந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் மாடிப்படி எங்கே என்று தேடினார். அதில் உருப்படியானதையும் நான் பார்த்ததையும் எழுதுகிறேன்.

காய் கழுவும் தொட்டிக்கும் நறுக்கும் மேடைக்கும் நடுவில் பதினோரு அடி விட்டிருக்கிறீர்கள். ஈரக் கூடையைத் தூக்கிக்கொண்டு பதினோரு அடி நடந்தால் தரையெல்லாம் தண்ணீர். வாரத்துக்கு ஒருவர் வழுக்கி விழுவார். ஜன்னல் சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. எதிரே இருப்பவர்களுக்கு ஆள் கறுப்பாகத் தெரியும், பாத்திரத்துக்குள் இருப்பது தெரியாது. புகை எந்த வழியாகப் போகும் என்று தேடினேன், காணோம்.

என் எரிச்சல் மேடையின் உயரம். எங்கள் மேடையை யாரோ ஒரு நெட்டை ஆளை நிற்க வைத்து அளவெடுத்துக் கட்டியிருக்கிறார்கள். பதினாலு வருஷமாகத் தோளைத் தூக்கிக்கொண்டே நறுக்குகிறேன். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இதனால்தான் வந்தது. இருக்கிறது.

அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து பார்த்தால் அது சினிமா. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கம்போலத்தான் சமைப்பார்கள்.

ஒரு சந்தேகம். அந்த இரண்டு அடிச் சுவர் முழுக்கச் செங்கல்தானா? எங்கள் ஸ்டோர் ரூம் சுவரும் கனம்தான், ஆனால் வெயில் காலத்தில் வெங்காயம் அழுகுகிறது. வெறும் செங்கல் அப்படிக் குளிராது. உள்ளே என்ன இருக்கிறது? மற்றதற்குப் பதில் வேண்டாம், இதற்கு மட்டும் எழுதவும்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே சுவரைத் துளைத்துப் பார்த்தோம். நீங்கள் நினைத்தது சரி. வெளியே ஒரு செங்கல் சுவர், உள்ளே ஒரு செங்கல் சுவர், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் கனத்துக்குத் தக்கை! பாட்டில் மூடியில் இருக்குமே, அதே தக்கை, பலகை பலகையாகத் தார் பூசி ஒட்டியிருக்கிறது. மேஸ்திரி ஒரு துண்டைப் பிய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மேடம், இது சுவரில்ல, கம்பளி சட்டை" என்றார். வெளியே முப்பத்தாறு டிகிரி இருந்தபோது உள்ளே இருபத்தெட்டு.

அதோடு விடவில்லை. ஒரு கட்டுக் கீரையை ஈரத்துணியில் சுற்றி உள்ளே வைத்தோம், இன்னொன்றை வெளியே வராந்தாவில். வெளியே வைத்தது மறுநாளே துவண்டுவிட்டது. உள்ளே வைத்தது மூன்றாம் நாளும் விறைப்பாக நின்றது. இப்போது மேஸ்திரி தன் வீட்டுக் காய்கறிகளையும் இங்கேதான் வைக்கிறார். ஆக, மின்சாரமே இல்லாத காய்கறி அறை ஒன்று நமக்குக் கிடைத்துவிட்டது. நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அந்தச் சுவரில் நாலு ஜன்னல் வெட்டியிருப்பேன்.

தொட்டியை நறுக்கும் மேடைக்குப் பக்கத்திலேயே கொண்டு வந்துவிட்டேன். மேடை இப்போது இரண்டு உயரத்தில் இருக்கும். தெருவில் போன பதினெட்டுப் பெண்களையும் ஏழு ஆண்களையும் நிறுத்தி முழங்கை உயரம் அளந்தேன். ஒருவர் சட்டை தைக்கத்தான் அளவெடுக்கிறேன் என்று நினைத்துத் துணி எப்போது தருவீர்கள் என்று கேட்டார்.

இங்கே ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். மேஸ்திரி அவருக்குக் கலோரி மேடம் என்று பெயர் வைத்துவிட்டார். உங்கள் சினிமா வரியைப் படித்துக் காட்டினேன். அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, "அப்போ எப்படிச் சொல்லித் தரணும்னு அவங்களையே கேளுங்க" என்றார். கேட்கிறேன்.

தரைக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. மழைநீரைச் சேர்க்கலாம் என்று ஆசைப்பட்டோம். மேஸ்திரி சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தார். ஒரே உப்பு. அதை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள்
நாத்தனார்


ஏப்ரல் 11

நாத்தனாருக்கு,

தக்கை விஷயத்தைக் கேன்டீனில் சொன்னேன். டயர்காரர் மூன்று நாளாக வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதையே சொல்கிறார், ஏதோ அவரே ஒட்டியதுபோல.

ஐஸ் தொழிற்சாலையில் உப்புக்கு என்ன வேலை? ஐஸ் இனிக்கவும் செய்யாது, கரிக்கவும் செய்யாது. எழுதவும்.

எப்படிச் சொல்லித் தருவது என்று எனக்குத் தெரியாது. நான் வாத்தியார் இல்லை. ஆனால் இங்கே செய்து பார்த்ததைச் சொல்கிறேன். எல்லா மேஜையிலும் உப்பு டப்பா இருக்கும். சோற்றைப் போட்டதும் ருசிகூடப் பார்க்காமல் தூவுவார்கள். போன மாதம் எல்லா டப்பாவையும் எடுத்துச் சுவரோரம் ஒரு அலமாரியில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வேண்டியவர் எழுந்து போய் எடுக்கலாம். முதல் நாள் முதல் பந்தியில் சாப்பிட்ட எண்பத்து நாலு பேரில் எழுந்து போனவர்கள் முப்பத்து மூன்று. ஒரு வாரம் கழித்து எண்ணினேன், பன்னிரண்டு. சண்டை போட்டவர் ஒருவர்.

வரிசையில் முதலில் சோறும் கடைசியில் காயும் வைப்பது வழக்கம். தட்டு நிறைந்த பிறகு காய்க்கு எங்கே இடம்? மாற்றிவிட்டேன். முதலில் காய். இப்போது காய் மிஞ்சுவதில்லை.

அதனால் எனக்குத் தோன்றுவது, மேடை வேண்டாம். நாலு பேர் சுற்றி நிற்கிற மாதிரி மேஜைகள் போடுங்கள். எல்லோர் கையிலும் கத்தி இருக்கட்டும். கை வேலை செய்யும்போது காது நன்றாகக் கேட்கும். எங்கள் கேன்டீனில் எல்லா ரகசியமும் வெங்காயம் உரிக்கும்போதுதான் வெளியே வரும்.

இன்னொன்று. வரைபடத்தின் மூலையில் ஆலோசனை அறை என்று ஒன்று இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கதவு. ஏன் இரண்டே நாற்காலி? ஒன்று டாக்டருக்கு, ஒன்று நோயாளிக்கு. சரி. வீட்டில் அவருக்குச் சமைத்துப் போடுகிறவர் எங்கே உட்காருவார்?

அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பழைய ஐஸ் தொழிலாளி ஒருவரைத் தேடிப் பிடித்தேன். தண்ணீரை நேராகக் குளிர்விக்க மாட்டார்களாம். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அது பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது, அதுதான் சூட்சுமம். நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை அதற்குள் இறக்கிவிடுவார்கள். சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீர் சூட்டை இழுத்துக்கொள்ள, டப்பாவுக்குள் இருப்பது கட்டியாகிவிடும். தான் உறையாமல் அடுத்ததை உறைய வைக்கிறது!

அந்தத் தொட்டியை மூன்று தடவை கழுவி, உள்ளே புதிதாகப் பூசி, மழைநீருக்கு வைத்துக்கொள்ளப் போகிறோம். காய் கழுவிய தண்ணீர் ஜல்லிப் படுகை வழியாகப் போய்க் கல்வாழைப் பாத்திக்குள் வடியும். அங்கிருந்து தோட்டத்துக்கு. தோல், காம்பு எல்லாம் எரிவாயுத் தொட்டிக்கு. இரண்டு அடுப்பு அதிலேயே எரியும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம், பார்க்கலாம்.

மேடையை எடுத்துவிட்டேன். குழுவில் பெரிய ரகளை. "மேடை இல்லாம திறப்பு விழாவை எங்க நடத்தறது?" என்று தலைவர் கேட்டார். "மேஜை மேல ஏறி நில்லுங்க சார்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். நல்லவேளை, அவர் காதில் சரியாக விழவில்லை. உங்கள் எண்பத்து நாலு, முப்பத்து மூன்று, பன்னிரண்டைக் கலோரி மேடம் பலகையில் எழுதிக் காட்டினார். அதன்பிறகு எதிர்ப்பு அடங்கிவிட்டது. பன்னிரண்டு மேஜை.

ஆலோசனை அறையில் இரண்டு நாற்காலி குழு சொன்ன கணக்கு. நோயாளிக்குத் தனிமை வேண்டும் என்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

உங்கள்
நாத்தனார்


மே 5

நாத்தனாருக்கு,

தான் உறையாமல் அடுத்ததை உறைய வைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நன்றாக இருந்தது, இரண்டு முறை படித்தேன்.

ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. எல்லாவற்றுக்கும் நாலு பக்கம் எழுதுகிறவர் இதற்கு மட்டும் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். தனிமை வேண்டும் என்கிறவர்கள் எல்லோரும் வீட்டில் அடுப்புப் பக்கம் போகாதவர்களாக இருப்பார்கள்.

நான் ஏன் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல இருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் உங்கள் அண்ணனின் காலைப் பார்த்துவிட்டு வெளியே வந்த டாக்டர் என்னிடம் கேட்டார், "நாலு வருஷமா சர்க்கரை இருக்குதும்மா. வீட்ல யாருக்குமே தெரியாதா?" தெரியாது என்றேன். எத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள்! பதினோராம் நாள் அவர் போய்விட்டார். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னது ஒரு வரிதான். "ருசியா ஆக்கிப் போட்டே எங்க அண்ணனைக் கொன்னுட்டீங்க."

நான் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் சரிதான் என்று தோன்றியது. ஒரே வீட்டில் பத்தொன்பது வருஷம். அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறார், இளைக்கிறார் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு தட்டையும் பார்க்கிறேன். யார் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறார், யார் கால் தாங்கி நடக்கிறார் என்று. உப்பு டப்பாவை எண்ணியது அதனால்தான், உங்கள் மையத்துக்காக இல்லை.

அந்த மூன்றாவது நாற்காலியைப் போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அண்ணி


மே 14

அண்ணி,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அப்படியே அனுப்பிவிடப் போகிறேன்.

அண்ணனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் கல்லூரியில் கடைசி வருஷம், உங்கள் வீட்டில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேன்டீனுக்குப் போயிருந்தீர்கள். துணி ஊறவைப்பதற்கு முன்னால் அண்ணனின் ஓட்டுநர் சீருடைப் பையில் பேனா இருக்கிறதா என்று கையை விட்டேன். மடித்த தாள் ஒன்று வந்தது. வேறு ஊர்ச் சோதனைக்கூடத்தின் பெயர். இரண்டு எண்களுக்குக் கீழே சிவப்புக் கோடு. அண்ணன் பின்பக்கப் படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்னண்ணா?"

"மடிச்சு உள்ள வை. உங்க அண்ணி காதுல விழுந்துச்சுன்னா அவ்ளோதான்."

"அண்ணிக்குத் தெரியாதா?"

"அவ வேலை பாக்கறது எங்க? டிப்போல. அவளுக்குப் பொய் சொல்ல வராது. முகத்தைப் பாத்தே எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க. சர்க்கரைன்னு மேலிடத்துக்குத் தெரிஞ்சா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க. ஸ்டியரிங் இல்லாம நான் என்ன பண்ணுவேன், நீயே சொல்லு."

"மாத்திரை?"

"எடுத்துக்கறேன். நீ வாயைத் திறக்காம இரு. என் மேல சத்தியம்."

சத்தியம் செய்தேன். நாலு வருஷம் காப்பாற்றினேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நீங்கள் அவருக்கு இரண்டாம் முறை பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் உங்களிடம் கேட்டபோது நான் உங்களுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றேன். எனக்குத் தெரியும் டாக்டர் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. அடுத்து அவர் என்னைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். பதினோராம் நாள் அந்தப் பயம் உங்கள் மேல் பாய்ந்தது. எனக்கு வர வேண்டிய வார்த்தையைத்தான் உங்கள் மேல் எறிந்தேன். இரண்டு வருஷமாக நீங்கள் அதைச் சுமந்துகொண்டு எண்பத்து நாலு தட்டை எண்ணுகிறீர்கள் என்று நேற்று படிக்கும் வரை எனக்குத் தெரியாது.

சமையலறை பற்றிக் கேட்கத்தான் முதல் கடிதம் எழுதினேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை.

மூன்றாவது நாற்காலியைப் போட்டுவிட்டேன். இன்று குழுவில் தலைவர் ஏன் என்று கேட்டார். உங்களுக்கு எழுதியதையே சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பொடிசு


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் வரவில்லை. கேட்கவும் மாட்டேன். கட்டட விவரம் மட்டும் எழுதுகிறேன், படிக்காமல் வைத்தாலும் சரி.

முதல் மழை பெய்தது. கூரைத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்குகிற சத்தத்தைக் கேட்க எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டோம். கலோரி மேடம்கூட. தண்ணீரை எடுத்து மேஸ்திரி குடித்துப் பார்த்தார். கரிக்கவில்லை.

திறப்பதற்கு முன்னால் அனுபவமுள்ள ஒருவர் வந்து ஒரு வாரம் சமைத்துப் பார்த்து, குறை சொல்ல வேண்டும் என்று குழு விரும்புகிறது. உங்களைத்தான் கேட்கச் சொன்னார்கள். இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள்
நாத்தனார்


ஆகஸ்ட் 21

பொடிசு,

மூன்று மாதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய். எட்டாம் வகுப்பில் உன்னைப் பொடிசு என்று கூப்பிட்டு நான் தலை பின்னிவிட்ட நாளிலிருந்து எல்லாம் ஞாபகம் வந்தது. இந்தத் தலையையா பின்னினோம் என்று நினைத்தேன். இதை எழுதாமல் விட மாட்டேன்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. பணிமனை மேலாளரிடம் நேராகப் போய்க் கேட்டேன், சர்க்கரை உள்ள ஓட்டுநரை வண்டி ஓட்ட விடுவீர்களா, மாட்டீர்களா என்று. எதற்கு என்று கேட்டார். தெரிந்துகொள்ள என்றேன். பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் வைத்திருந்தால் ஓட்டலாம், ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை, அவ்வளவுதான். இந்தப் பணிமனையில் மட்டும் அப்படிப் பதினேழு பேர் ஓட்டுகிறார்கள். உன் அண்ணனுக்கு இருபது வருஷமாகப் பழக்கமானவர்களே இரண்டு பேர் அதில் இருக்கிறார்கள். அவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

பதினேழு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. வெளியே வந்து வண்டிகள் நிற்கிற இடத்தில் வெகு நேரம் நின்றேன்.

இப்போது நான் கேட்கிறேன். அந்த மாத்திரை என்ன நிறம்? எங்கே வைத்திருந்தார்? வீட்டில் ஒரு மூலை விடாமல் தேடிவிட்டேன், ஒரு அட்டை கூட இல்லை. எந்த நேரத்தில் சாப்பிட்டார்? காலில் புண் வந்தது உனக்கு எப்போது தெரியும்? ஒரு வருஷம் டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார், பல் கூசுகிறது என்று. அவருக்கு என் கைப்பக்குவம் பிடிக்காமல் போய்விட்டதோ என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்காகவே எல்லாவற்றையும் இன்னும் ருசியாகச் செய்தேன். பிறகு அவரே மறுபடி சர்க்கரை போடச் சொன்னார். அது ஏன்? நான் இரண்டாம் முறை பரிமாறும்போது அவர் உன்னைப் பார்ப்பாரா? அவர் பயந்தாரா?

ஒன்று விடாமல் எழுது. அழுகையெல்லாம் எழுத வேண்டாம்.

அண்ணி


ஆகஸ்ட் 27

அண்ணி,

மாத்திரை வெள்ளை, சின்னது, நடுவில் ஒரு கோடு இருக்கும். பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே முதலுதவிப் பெட்டி இருக்குமே, அதில் பஞ்சுக்கு அடியில் வைத்திருந்தார். வண்டி மாறினால் மாத்திரையையும் அந்த வண்டியின் பெட்டிக்கு மாற்றிவிடுவார். காலையில் பஸ்ஸின் முதல் நடையில் டீக்கு நிறுத்தும் இடத்தில் வெறும் தண்ணீரில் விழுங்குவார். ஓய்வு நாளில் பெரும்பாலும் சாப்பிடவில்லை. அதை நான் பிறகுதான் கண்டுபிடித்தேன். கேட்டால், "லீவு நாள்ல அதுக்கும் லீவு" என்று சிரிப்பார்.

பேப்பர் வாங்கப் போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்புவாரே, அது பக்கத்துக் கடை இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடை. நடப்பதற்காகவே அங்கே போனார்.

புண் வந்த பத்தாம் நாள் அதைப் பற்றி எனக்குப் போனில் சொன்னார். "ஷூ கடிச்சிருக்கு, ஆறிடும்." டாக்டரிடம் போங்கள் என்றேன். சரி என்றார். உங்களுக்கு நான் போன் செய்யவில்லை. அன்று செய்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. அழுகை எழுத வேண்டாம் என்றீர்கள், இதோடு நிறுத்துகிறேன்.

டீ. நீங்கள் வருத்தப்படுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ முகம் வாடறதைப் பாக்கறதுக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரையே தேவலாம்." நான் சண்டை போட்டேன். கேட்கவில்லை.

பரிமாறும்போது என்னைப் பார்ப்பார். ஒருமுறை கண்ணடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பயந்தாரா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

பொடிசு


நவம்பர் 9

பொடிசு,

உன் கடிதம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேப்பர் கடை வரைக்கும் நடந்து பார்த்தேன். போய் வர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. பாலத்தில் நல்ல காற்று. கடைக்காரருக்கு அவரை ஞாபகம் இருந்தது, "பஸ்காரர்தானே, பேப்பரைப் படிக்காம சுருட்டி விசிறிக்கிட்டே போவாரே" என்றார். இப்போது வாரம் மூன்று நாள் போகிறேன்.

ஒரு விஷயம் நடந்தது. போன மாதம் டயர்காரர் வெங்காயம் உரிக்க உதவி செய்கிறேன் என்று வந்து உட்கார்ந்தார். அவர் ஒருநாளும் உரிக்கிற ஆள் இல்லை. உன் ஆலோசனை அறையைப் பற்றிக் கேட்டார். யார் வேண்டுமானாலும் வரலாமா, பெயர் எழுதுவார்களா என்று. நான் உரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சொல்லிவிட்டார். எட்டு மாதமாகச் சர்க்கரை இருக்கிறது. "அக்கா, எம் பொண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேணாம். அவ ஏற்கெனவே அவங்கம்மாவைப் பாத்துக்கிட்டு ஓடாத் தேயறா. இதையும் சேத்துத் தாங்க மாட்டா."

அவர் மனைவி எனக்குப் பழக்கம். மறுநாளே எதிரே வந்தாள். இந்த வாரம் என்ன சமையல் என்று கேட்டாள். ஒருநாள் அவருக்குப் பிடித்தது என்று வாங்கிப் போன இனிப்பைப் பையைத் திறந்து காட்டினாள். என்னால் சொல்ல முடியவில்லை. நம்பிச் சொன்ன மனிதன், அவன் வாயைத் திறக்க வேண்டிய விஷயம், நான் எப்படிச் சொல்வது என்றே நாக்குப் புரளவில்லை. நாலு நாள் அப்படியே போயிற்று. நாலே நாள்.

ஐந்தாம் நாள் டயர் பிரிவுக்கே போனேன். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். நீங்க சொல்லலேன்னா நான் உங்க வீட்டுக்கு வந்து உங்க எதிர்லயே சொல்லுவேன்" என்றேன். கோபித்துக்கொண்டார். சனிக்கிழமையே சொல்லிவிட்டார். ஒரு நாள் முழுக்க அவள் அவரிடம் பேசவில்லையாம். மறுநாள் என்னிடம் வந்து எந்தக் காயை எவ்வளவு போடுவது என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் உன் நாலு வருஷத்தை யோசித்தேன். உனக்கு அப்போது இருபத்தொரு வயசு. எனக்கு நாற்பத்தாறு, எனக்கே நாக்கு எழவில்லை.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று அடிக்கடி பார்க்கிறேன். சத்தியத்தைக் காப்பாற்றியதற்கு இருந்த கோபம் போய்விட்டது. வராந்தாவில் சொன்னதற்கு இருக்கிறது. அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியவில்லை. போனால் சொல்கிறேன், போகாவிட்டாலும் சொல்கிறேன்.

ஒரு வாரம் சமைத்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றாயே. லீவு போட்டுவிட்டேன். அந்த எரிவாயு அடுப்பு இரண்டும் உண்மையாகவே எரிகிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டும், கணக்கை நம்ப மாட்டேன். கலோரி மேடத்தைக் கேட்க ஒன்பது கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். டயர்காரரும் அவர் மனைவியும்கூட வருகிறார்கள். அவருக்குத் தக்கையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமை பஸ் பதினொன்றரைக்கு வந்து சேரும். நிலையத்தில் வந்து நில்.

அண்ணி